உதிராத இலைக்குக் காத்திருந்தவர்கள்

1976ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை மாலைகளில் பிரித்தானிய மக்கள் தமது தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னால் அமர்ந்து ஒரு விஞ்ஞானப் புனைகதையைப் பார்த்தனர். பீ.பீ.சி. நிறுவனத்தின் புகழ்பெற்ற 'டொக்டர் ஹூ' தொடரில் அம்மாதம் 3ஆம் திகதி தொடங்கி 24ஆம் திகதி வரை நான்கு வாரங்கள் ஒளிபரப்பான 'மோர்பியஸின் மூளை' என்ற கதையே அது. நண்பர் ஒருவர் தந்த இறுவட்டில் அண்மையில் அதனைப் பார்க்கக் கிடைத்தது. சிறுவர்களைப் பயமுறுத்தும் பேய்க்கதை போன்ற அதன் வெளித்தோற்றத்துக்குள்ளே, வரலாறு படிப்பிக்கும் ஒருவனைச் சிந்திக்க வைக்கும் விடயமொன்று இருக்கிறது. அதுபற்றியே இக்கட்டுரை.

கதை இதுதான். கார்ன் என்றொரு கிரகம். அங்கே அணையா நெருப்பொன்றைக் காத்துவரும் சகோதரிகள் சபையொன்று இருக்கிறது. அந்த நெருப்பினால் சொட்டுச் சொட்டாக உருவாகும் அமுதத்தை அருந்தி அவர்கள் நூற்றாண்டுகளாக இறப்பின்றி வாழ்கின்றனர். மோர்பியஸ் என்ற சர்வாதிகாரி, தன்னைப் பின்பற்றுவோருக்கு அழியா வாழ்வு தருவதாக ஆசைகாட்டிப் படைதிரட்டி அக்கிரகத்துக்கு வருகிறான். தோற்கடிக்கப்பட்டு மரண தண்டனைக்கு உள்ளாகிறான். ஆனால் அவனது சீடனான சொலொன் என்ற சத்திர சிகிச்சை நிபுணன், அவனுடைய மூளையை மட்டும் இரகசியமாக ஒரு தொட்டியில் உயிரோடு வைத்திருக்கிறான். அக்கிரகத்தில் விபத்துக்குள்ளாகும் விண்கலங்களிலிருந்து வருவோரின் உறுப்புகளை வெட்டியெடுத்து, ஒட்டுப்போட்ட உடலொன்றைத் தைக்கிறான். பொருத்தமான தலைதான் கிடைக்கவில்லை. அந்த வேளையில் டொக்டர் அங்கே வந்து சேர்கிறார்.

மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலின் சாயல் இதில் இருப்பதை வாசகர்கள் உணர்ந்திருப்பர். டெரன்ஸ் டிக்ஸ் எழுதிய மூலப் பிரதியைத் தொடரின் பிரதி ஆசிரியரான ரொபர்ட் ஹோம்ஸ் வெகுவாக மாற்றிவிட்டார். அதனால் டிக்ஸ் தனது பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட, 'ரொபின் பிளாண்ட்' என்ற புனைபெயரிலேயே கதை ஒளிபரப்பானது. எழுதுகின்ற எமக்கு இது ஒன்றும் புதினமான சங்கதியல்ல.

இங்கே கவனிக்க வேண்டியது மோர்பியஸின் ஆசை. அவன் இரண்டு பொருட்களைச் சேர்த்தே கேட்டான். ஒன்று அழியாத உடல்; மற்றது அழியாத ஆட்சி. இந்த இரட்டை ஆசை தொலைக்காட்சிக்காரர் கண்டுபிடித்ததல்ல. அல்குர்ஆனின் தாஹா அத்தியாயத்தில் ஷைத்தான் ஆதம் (அலை) அவர்களுக்குக் காட்டிய ஆசை என்ன? நித்திய வாழ்வு தரும் மரமும் அழிந்துபோகாத ஆட்சியும் என்றே அங்கு கூறப்படுகிறது. மனிதனுக்குச் சொல்லப்பட்ட முதல் பொய்யிலேயே அவ்விரண்டும் பிணைந்திருந்தன. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், என்றும் இளமையைத் தேடி ஆட்களை அனுப்பியவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் அரசர்களே. அந்தத் தேடலின் செலவை அவர்கள் பிறரிடமே அறவிட்டனர்.

எழுத்தில் எமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ஈராக்கினுடையது. யூனுஸ் (அலை) அவர்களின் வரலாற்றோடு தொடர்புடைய நீனவா நகரின் இடிபாடுகளில், அஷூர்பனிபால் மன்னனின் நூலகத்தை 1853இல் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தவர் மோசுல் நகரில் பிறந்த ஹொர்முஸ்த் ரஸ்ஸாம். அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் ஊருக் நகரத்து மன்னன் கில்காமேஷின் கதை இருந்தது. நண்பன் என்கிடு இறந்தபின் மரண பயம் பிடித்த கில்காமேஷ், கடலடியில் வளரும் இளமை தரும் செடியொன்றைப் பெறுகிறான். அதனை உடனே அவன் உண்ணவில்லை. முதலில் ஊரிலுள்ள கிழவர் ஒருவருக்குக் கொடுத்துப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று எண்ணுகிறான்! மருந்தைப் பிறர் உடம்பில் சோதித்துப் பார்க்கும் அரச புத்தி அன்றே இருந்திருக்கிறது. வழியில் அவன் குளிக்க இறங்கியபோது பாம்பொன்று செடியைக் கவ்விச் சென்று தனது சட்டையை உரித்துக்கொள்கிறது. மன்னன் வெறுங்கையோடு ஊர் திரும்புகிறான்.

கில்காமேஷின் கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்று பிரித்தறிவது கடினம். சீனத்துச் சின் ஷி ஹுவாங் அப்படியல்ல. அவன் கி.மு. 259இல் பிறந்து கி.மு. 221இல் சீனாவை ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்த பேரரசன். தனக்கு 'முதலாம் பேரரசன்' எனப் பெயரிட்டு, தன் வாரிசுகள் இரண்டாம், மூன்றாம் என்று பத்தாயிரம் தலைமுறை வரை எண்ணப்பட வேண்டும் எனக் கட்டளையிட்டான். ஆட்சியைப் பத்தாயிரம் தலைமுறைக்கு நீட்டியவன் ஆயுளையும் நீட்ட விரும்பினான். கி.மு. 219இல் ஷு ஃபூ என்பவனிடம் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரை ஒப்படைத்து, கீழைக் கடலில் உள்ளதாக நம்பப்பட்ட சிரஞ்சீவிகளின் தீவுக்கு அனுப்பினான் என்று சீன வரலாற்றாசிரியர் ஸீமா சியென் எழுதியுள்ளார். மன்னனின் இளமைக்காகக் கடலில் இறக்கப்பட்டவர்கள் இன்னும் இளமையைக் காணாத பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்களின் கண்ணீரை எந்த வரலாற்றாசிரியரும் எழுதி வைக்கவில்லை.

2002ஆம் ஆண்டு சீனாவின் ஹுனான் மாகாணத்தில் லியே என்ற இடத்தில், பாழடைந்த கிணறொன்றிலிருந்து அக்காலத்து மரச்சட்ட ஆவணங்கள் பல்லாயிரம் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் சில இந்த மருந்து தொடர்பானவை என்ற செய்தி 2017இல் வெளியானது. சாவா மருந்தைத் தேடுமாறு பேரரசன் நாடெங்கும் ஆணை பிறப்பித்திருக்கிறான். ஓர் ஊரிலிருந்து, இன்னும் கிடைக்கவில்லை என்ற பதில். இன்னோர் ஊரிலிருந்து, தமது மலையில் முளைக்கும் மூலிகை ஒருவேளை பயன்படலாம் என்ற பதில். அரச சுற்றுநிருபத்துக்கு ஏதாவது பதில் எழுதியே ஆகவேண்டிய நிலையிலிருந்த அந்தச் சிற்றூர் உத்தியோகத்தர்களை நினைத்தால் எமக்குச் சிரிப்பும் வருகிறது, அனுதாபமும் வருகிறது.

பேரரசன் கி.மு. 210இல் கிழக்குப் பகுதிகளைச் சுற்றிப் பார்க்கச் சென்ற வழியில் இறந்தான். வயது ஐம்பதைத் தாண்டவில்லை. அவனுக்குக் கொடுக்கப்பட்ட இரச மருந்துகளே உயிரைக் குடித்தன என்று கருதுவோரும் உளர். மரணச் செய்தி வெளியானால் கலகம் வெடிக்கும் என்று பயந்த அமைச்சர்கள், பிண நாற்றம் தெரியாதிருக்க உப்பிட்ட மீன் வண்டிகளைப் பல்லக்கோடு சேர்த்து ஓட்டிச் சென்றனர் என்கிறார் ஸீமா சியென். பத்தாயிரம் தலைமுறைக்குத் திட்டமிட்ட ஆட்சி, ஆரம்பித்த பதினைந்து ஆண்டுகளில் முடிந்துபோனது.

பாடம் படிக்கப்படவில்லை. அதற்குப் பின்னரும் தாங் வம்சத்து மன்னர்கள் பலர் பாதரசமும் கந்தகமும் கலந்த 'சிரஞ்சீவி மாத்திரை'களை விழுங்கினர். 846இல் இறந்த வூஸொங்கும் 859இல் இறந்த ஷுவான்ஸொங்கும் அவர்களுள் அடங்குவர். அதே ஒன்பதாம் நூற்றாண்டளவில் சாவா மருந்து காய்ச்சிய சீன இரசவாதிகளின் கையில் தற்செயலாக அகப்பட்டதுதான் வெடிமருந்து. சீன மொழியில் அதன் பெயர் 'நெருப்பு மருந்து' என்பதாகும். தமிழிலும் அதனை 'மருந்து' என்றே அழைக்கிறோம். மரணத்தை ஒழிக்கப் புறப்பட்ட தேடல், மரணத்தை மலிவாக்கிய பொருளை உலகுக்குத் தந்தது. முப்பதாண்டு யுத்தத்தைக் கண்ட எமக்கு அதன் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

இனி எமது இலக்கியப் பரப்புக்கு வருவோம். மகா அலெக்ஸாந்தர் கி.மு. 323இல் பாபிலோனில் இறந்தபோது வயது 32. இவ்வளவு நாடுகளை வென்றவன் இவ்வளவு விரைவில் இறந்தானே என்ற வியப்பிலிருந்து கதைகள் முளைத்தன. கிரேக்க மொழியில் எழுந்த அலெக்ஸாந்தர் கதையில், அவனது சமையற்காரன் கருவாட்டைக் கழுவிய ஊற்றில் அது உயிர்பெற்று நீந்துகிறது. பிர்தவ்ஸி 1010இல் நிறைவுசெய்த 'ஷாநாமா'வில் இஸ்கந்தர் இருள் சூழ்ந்த தேசத்துக்குள் ஹிழ்ரை வழிகாட்டியாகக் கொண்டு நுழைகிறான். பாதை பிரியுமிடத்தில் இருவரும் பிரிகின்றனர். ஹிழ்ர் ஜீவ நீரைக் கண்டு அருந்துகிறார். உலகத்தை வென்றவனுக்கு ஒரு துளியும் கிடைக்கவில்லை. 'ஆபே ஹயாத்' என்ற ஜீவ நீர், பாரசீக, உர்தூக் கவிஞர்கள் ஓயாமல் கையாண்ட படிமமாயிற்று.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கஹ்ஃப் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்கள் இரு கடல்கள் சந்திக்கும் இடத்தில் மீன் தப்பிச் சென்றதை அடையாளமாகக் கொண்டு இறையடியார் ஒருவரைச் சந்திக்கிறார்கள். அவரது பெயர் குர்ஆனில் இல்லை; ஹிழ்ர் என்பதை ஹதீஸே தெரிவிக்கிறது. ஜீவ நீர் பற்றிய பேச்சும் அங்கு இல்லை. மூஸா (அலை) அவர்கள் தேடிச் சென்றது ஆயுளை அன்று, அறிவை. ஹிழ்ர் (அலை) இன்றும் உயிரோடு இருக்கிறாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் நவவி போன்றோர் உயிரோடிருப்பதாகப் பெரும்பாலோர் கருதுவதைக் குறிப்பிட, இமாம் புகாரி, இப்னுல் ஜவ்ஸி ஆகியோர் அதனை மறுத்தனர். நபி (ஸல்) அவர்களுக்கு முன் எந்த மனிதருக்கும் நிரந்தர வாழ்வு வழங்கப்படவில்லை என்ற அன்பியா அத்தியாயத்தின் வசனம் மறுத்தோரின் முக்கிய ஆதாரமாகும்.

ஹிழ்ரின் கதை இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. கதிர்காமத்துப் பள்ளிவாசலோடு அவரது பெயரையும் ஜீவ நீரையும் தொடர்புபடுத்தும் மரபு முஸ்லிம்களிடையே நிலவி வந்துள்ளது. அதற்கு முன்னரே பாவா ஆதம் மலையில் ஹிழ்ரின் குகை இருந்ததாக இப்னு பதூதா எழுதியிருக்கிறார். மாலைதீவிலிருந்து 1344இல் புறப்பட்டு இலங்கைக்கரையை அடைந்த அவரைப் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி வரவேற்றார். பாரசீக மொழி விளங்கிய அம்மன்னர், பாதமலையைத் தரிசிக்க விரும்பிய விருந்தாளியைப் பல்லக்கோடும், யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், துணையாட்கள் பதின்மர், சுமை காவுவோர் பதினைவர் சகிதமும் அனுப்பி வைத்தார். முஸ்லிம் யாத்திரிகரும் யோகிகளும் பிராமணரும் ஒரே பாதையில் ஒன்றாக நடந்த காலம் அது.

அந்த மலையடிவாரத்தில் அவர் ஒரு மரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். 'தரக்தே ரவான்', அதாவது 'நடக்கும் மரம்' என்பது அதன் பெயர். மலையுச்சியிலிருந்து பார்ப்பவருக்கு அது தூரத்தே அடிவாரத்தில் நிற்பதுபோலத் தோன்றும். அடிவாரத்திலிருந்து பார்ப்பவருக்கோ அதற்கு மாறாகத் தோன்றும். அதன் இலைகள் உதிர்வதில்லை. எவரும் அதனை நெருங்கவும் முடியாது. இலையொன்று விழுமா என்று காத்துக்கொண்டு யோகிகள் சிலர் அவ்விடத்தை விட்டு அகலாமல் இருந்தனர். அந்த இலையை உண்ணும் கிழவனும் வாலிபனாவான் என்பது அவர்களது நம்பிக்கை. தமிழ்ச் சித்தர்களின் காயகற்பத்தோடு உறவுடைய நம்பிக்கையாக இது இருக்கலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, அது பொய் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு இப்னு பதூதா மேலே நடக்கிறார்.

இந்தப் பகுதியை வகுப்பில் சொன்னபோது மாணவன் ஒருவன், "அந்த ஆக்கள் எத்தனை வருஷம் காத்துக்கொண்டிருந்தாங்க சேர்?" என்று கேட்டான். நூலில் அதற்கு விடை இல்லை. ஆனால் அக்கேள்வி என் மனதில் தங்கிவிட்டது. இளமைக்காகக் காத்திருந்தே அவர்கள் முதுமையடைந்திருப்பர். என்றாலும் சின் மன்னனோடு ஒப்பிடுகையில் இந்த யோகிகள் நல்லவர்கள். அவர்கள் காத்திருந்தது தமது சொந்த வாழ்நாளைச் செலவழித்து. வேறெவருடைய பிள்ளையையும் மரமேற அனுப்பவில்லை.

ஐரோப்பியர் சாவா மருந்தை 'எலிக்ஸிர்' என்கின்றனர். 'அல் இக்ஸீர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. இச்சொல்லை உலகுக்குத் தந்த அதே நாகரிகத்தில்தான் இந்த ஆசைக்குத் தெளிவான மறுப்பும் எழுதப்பட்டது. 'அல்கானூன்' என்ற மருத்துவப் பெருநூலை எழுதிய இப்னு ஸீனா (980 - 1037), சுகத்தைப் பேணும் கலை எவருக்கும் மரணத்திலிருந்து உத்தரவாதம் தராது என்று அதில் விளக்குகிறார். அக்கால மருத்துவக் கொள்கையின்படி விளக்கில் எண்ணெய் குறைவதுபோல உடலின் இயல்பான ஈரம் நாளடைவில் வற்றியே தீரும். அந்த ஈரம் காலத்துக்கு முன்னரே வற்றாமலும் கெட்டுப்போகாமலும் காப்பதே வைத்தியனின் வேலை. அந்த உடற்கூற்றுக் கொள்கையை இன்றைய விஞ்ஞானம் கைவிட்டுவிட்டது. ஆனால் வைத்தியனின் கடமைக்கு அவர் வரைந்த எல்லை இன்றும் பொருந்துகிறது. எல்லா நோய்க்கும் மருந்துண்டு, முதுமை ஒன்றைத் தவிர என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ள ஹதீஸும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. மருந்து தேடுமாறு ஏவிய அதே வாய்தான் தேடலின் எல்லையையும் காட்டியது.

நவீன விஞ்ஞானம் வந்தபின் ஆசை அங்கியை மாற்றிக்கொண்டது. மொரிஷியஸில் பிறந்த பிரவுண் செக்கார் என்ற உடற்றொழிலியல் அறிஞர் 1889இல் தனது 72ஆவது வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச்சுரப்பிச் சாற்றைத் தன் உடம்பில் ஏற்றி இளமை திரும்பியதாகப் பாரிஸில் அறிவித்தார். ஐந்தாண்டுகளுக்குள் இறந்தும் போனார். 1920இல் அதே நகரில் செர்ஜ் வொரொனொஃப் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் குரங்குகளின் சுரப்பித் துண்டுகளை வசதிபடைத்த முதியவர்களுக்குப் பொருத்தத் தொடங்கினார். சில காலம் பணம் குவிந்தது, இளமை வரவில்லை. பிறரின் உறுப்புகளைத் தைத்து வாழ்வை நீட்டிய சொலொனுக்கு இவர்களை முன்னோர் எனலாம்.

ஆயுளை நீட்ட முடியாது என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. நீட்ட முடிந்திருக்கிறது. 1934 - 35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 உயிர்களை இழந்த நாடு எமது நாடு. 1946இல் ஆயிரம் பேருக்கு 20.3 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14.3 ஆக வீழ்ந்தது. ஒரே ஆண்டில் நிகழ்ந்த இந்த மாற்றத்தை உலக அறிஞர்கள் பலரும் ஆராய்ந்துள்ளனர். டீ.டீ.டீ. தெளித்த கூலியாட்கள், கிராமிய வைத்தியசாலைகள், வீடு வீடாகச் சென்ற மருத்துவ மாதர், இலவச வைத்தியம், பங்கீட்டு அரிசி, எழுத்தறிந்த தாய்மார் என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எந்த அரசனும் கடலுக்கு ஆளனுப்பாமலே கிடைத்த ஆயுள் இது. முக்கியமாக, அது எல்லோருக்கும் கிடைத்தது. தொட்டிலிலேயே இறந்திருக்கக்கூடிய பிள்ளைகள் பேரப்பிள்ளை கண்டார்கள்.

ஆயினும் பழைய ஆசை சாகவில்லை. 2025 செப்டெம்பர் 3ஆம் திகதி பெய்ஜிங்கில் இராணுவ அணிவகுப்பைப் பார்வையிட ரஷ்ய, சீனத் தலைவர்கள் இருவரும் நடந்து செல்கையில் ஒலிவாங்கி திறந்திருந்தது. உறுப்புகளை மீண்டும் மீண்டும் மாற்றிப் பொருத்தி இளமையாகலாம், சாவாமையைக்கூட அடையலாம் என்று ஒருவரது மொழிபெயர்ப்பாளர் சொல்ல, இந்த நூற்றாண்டிலேயே மனிதன் 150 வயது வரை வாழக்கூடும் எனச் சிலர் எதிர்வுகூறுவதாக மற்றவர் பதிலளித்தார். அப்போது இருவருக்கும் வயது 72. சீனா தனது ஜனாதிபதியின் பதவிக்கால எல்லையை 2018இல் நீக்கியிருந்தது. ரஷ்யாவில் 2020இல் செய்யப்பட்ட திருத்தம் 2036 வரை பதவியில் இருக்க வழிசெய்திருந்தது. அழியாத உடலும் அழியாத ஆட்சியும் மீண்டும் கைகோத்து நடந்ததை உலகம் காதாரக் கேட்டது. அடுத்தவரைப் பார்த்து நகைக்க எமக்கும் அதிக உரிமையில்லை. இலங்கையிலும் 2010இல் 18ஆவது திருத்தம் ஜனாதிபதியின் பதவிக்கால எல்லையை நீக்கியதும், 2015இல் 19ஆவது திருத்தம் அதை மீளக் கொண்டுவந்ததும் நாமறிந்த வரலாறே.

மீண்டும் கார்ன் கிரகத்துக்கு வருவோம். அந்தச் சகோதரிகளிடம் அமுதம் இருந்தது. ஆனால் எதுவுமே மாறவில்லை. புதிதாக ஒன்றைக் கற்கவோ படைக்கவோ அவர்களுக்குத் தேவையிருக்கவில்லை. டொக்டர் அதனைக் குறையாகவே சுட்டிக்காட்டுகிறார். தம் நெருப்பு மங்கிவருவதன் காரணத்தைக்கூட அவர்களால் அறிய முடியவில்லை. புகை போகும் வழியில் கரி அடைத்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து வந்தவர் கண்டுபிடித்து நீக்குகிறார். கதையின் இறுதியில் மோர்பியஸோடு போராடி டொக்டர் மரணத்தறுவாயில் கிடக்கிறார். சகோதரிகளின் முதிய தலைவி மெரன், தனக்குரிய அமுதத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தானே நெருப்புக்குள் நுழைந்து மறைகிறாள். அந்தச் செயலை எமது மார்க்கம் அனுமதிக்காது. ஆனால் தன் பங்கைப் பிறருக்குக் கொடுத்து இடத்தைக் காலிசெய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதை அந்த முதியவள் உணர்ந்ததை நான் மதிக்கிறேன். நூற்றாண்டுகளாக அக்கிரகத்தில் நடந்த ஒரே மாற்றம் அதுதான்.

மனிதன் இறந்தபின்னும் தொடர்வன மூன்று என்று ஹதீஸ் கூறுகிறது: நிலையான தர்மம், பயன்தரும் அறிவு, பெற்றோருக்காகப் பிரார்த்திக்கும் நல்ல பிள்ளை. மூன்றும் பிறருக்குக் கொடுத்த பிறகே எஞ்சுபவை. சின் மன்னன் அனுப்பிய பிள்ளைகள் திரும்பி வரவில்லை. மலையடிவாரத்து இலை உதிரவில்லை. அந்த மரம் பொய் என்று எழுதிவைத்த பயணியும் இறந்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர் எழுதியதை வைத்து ஒரு கிராமத்துப் பிள்ளை இன்றைக்குக் கேள்வி கேட்கிறான். எனக்குத் தெரிந்த நீண்ட ஆயுள் இவ்வளவுதான். அது போதும் என்றே நினைக்கிறேன்.